ராவென்னாவில் கண்ணாடி வெட்டக் கற்றுக்கொண்டேன்

இத்தாலிக்கு வந்த முதல் ஆறு மாதமும் எனக்கு ராவென்னா என்றால் வீடு, ரயில் நிலையம், மொழி வகுப்பு, அவ்வளவுதான். கணவருக்கு இங்கே வேலை. எனக்கு மொழி வந்தால்தான் வேலை. வகுப்பில் வினைச்சொற்களை மனப்பாடமாக ஒப்பிப்பேன். தெருவில் யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் வாய் பூட்டிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோமப் பேரரசி கல்லா பிளாசிடியாவின் பெயரால் அழைக்கப்படும் கல்லறை மண்டபத்துக்குப் போனோம். வெளியே பார்த்தால் சின்னச் செங்கல் கட்டடம். உள்ளே ஐந்தாம் நூற்றாண்டு மொசைக், அதாவது சின்னச் சின்னக் கண்ணாடி, கல் சில்லுகளைப் பதித்து உருவாக்கிய சித்திரங்கள். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல் பதித்திருக்கிறார்கள். அதன் வழியே கசிகிற தேன் நிற வெளிச்சத்துக்குக் கண் பழகக் கொஞ்சம் நேரம் ஆகும். அப்புறம்தான் தலைக்கு மேலே கருநீல வானமும் பொன் நட்சத்திரங்களும் துலங்கத் தொடங்கும். ஓரடி நகர்ந்தேன், பார்த்துக்கொண்டிருந்த நட்சத்திரம் மங்கி, பக்கத்தில் இருந்தது மின்னியது. இதை எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி வீடு வந்தும் விடவில்லை. அடுத்த மாதம் ஒரு மொசைக் பட்டறையின் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

பதில் முதல் நாளே கிடைத்தது. சில்லுகளைத் தரை ஓடு போலச் சமமாகப் பதிப்பதில்லை, ஒவ்வொன்றையும் சற்றே சாய்த்து வைக்கிறார்கள். ஒளி ஒவ்வொரு சில்லிலும் வேறு கோணத்தில் பட்டுத் திரும்புகிறது. பொன் சில்லு முழுப் பொன்னும் கிடையாது: அடியில் தடித்த கண்ணாடி, நடுவில் காற்றில் பறக்கும் அளவு மெல்லிய பொன் தகடு, அதைக் காக்க மேலே ஒரு கண்ணாடிப் படலம்.

வெட்டுவதுதான் கஷ்டம். ஒரு மரக்கட்டையில் கூர் மேலே பார்க்க ஓர் உளியைச் செருகியிருப்பார்கள், பெயர் தாலியோலோ. 'ஸ்மால்தி' என்ற வண்ணக் கண்ணாடித் துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து அதன் கூரில் வைக்க வேண்டும். நேர் மேலிருந்து மார்த்தெல்லீனா இறங்கும். இரண்டு முனையும் கூரான வளைந்த சுத்தியல் அது. நான் ஓங்கி அடித்தேன், கண்ணாடி தூளாகச் சிதறியது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. சொல்லிக்கொடுக்கும் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, "பியானோ, பியானோ" என்றார். மெதுவாக, மெதுவாக. அடிக்கவே கூடாது, சுத்தியலை அதன் எடையிலேயே விழ விட வேண்டும். சரியாக விழுந்தால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். உடைந்த முகம் ஈரம் போலப் பளபளக்கும். அந்த முகத்தைத்தான் மேலே காட்டிப் பதிப்பார்கள்.

மூன்றாவது வாரம் ஓர் இலையைப் பதித்தேன். இடைவெளியே இல்லாமல் நெருக்கி நெருக்கி ஒட்டி, மனசுக்குள் ஒரே பெருமை. அந்த அம்மா இடுக்கியால் நான்கு சில்லுகளைப் பிடுங்கி எடுத்துவிட்டு, "ரெஸ்பீரோ" என்றார். மூச்சு. சில்லுகளுக்கு நடுவே விடுகிற சந்துகள் வரிசையாகச் சேர்ந்துதான் கோடாகி, இலையின் வளைவைக் காட்டுகின்றன. அந்த ஓட்டத்துக்கு இங்கே 'அந்தாமெந்தோ' என்று பெயர். மறுபடி சான் வித்தாலே தேவாலயத்துக்குப் போனபோது அங்கே மொசைக்கில் இருக்கும் பைசாந்தியப் பேரரசி தியோடோராவின் முகத்தை இந்தக் கண்ணோடு பார்த்தேன். 547இல் திருநிலைப்படுத்தப்பட்ட கோயில் அது. உடையில் பெரிய சில்லுகள், முகத்தில் பொடிப்பொடியானவை. கன்னத்தைச் சுற்றி அந்தச் சந்துகள் வளைந்து போகும் அழகைப் பார்க்க அரை மணி நேரம் நின்றேன்.

மொழியும் அந்த மேஜையில்தான் வந்தது. கையில் வேலை இருக்கும்போது வாய்க்குப் பயம் இல்லை. பக்கத்தில் இருப்பவர் பச்சை கேட்பார், நான் எடுத்துக் கொடுத்து 'இது போதுமா, இன்னும் கருமையாக வேண்டுமா' என்று கேட்பேன். வெட்டு என்பதற்கான 'தால்யாரே' வகுப்பில் எத்தனை முறை படித்தும் நழுவிப் போன சொல். இப்போது அதை நினைத்தாலே உள்ளங்கையில் சுத்தியலின் அதிர்வு வருகிறது.

முதலில் முடித்தது ஓர் உள்ளங்கை அளவுப் பறவை. கண்ணுக்கு மட்டும் ஒரே ஒரு பொன் சில்லு, இடப்பக்கம் சாய்த்து வைத்தேன். சமையலறை ஜன்னலோரம் இருக்கிறது. வாசலிலிருந்து பார்த்தால் அது வெறும் பழுப்புப் புள்ளி. காலையில் அடுப்பருகே நிற்கும்போது என்னைப் பார்த்து மின்னும்.