மோதல் பதிவேட்டில் விழுந்த பூட்டு

2025 நவம்பர் 3, திங்கள்

காலை ஏழு மணிக்கு முன்பே அலைபேசி அலறியது. எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் முதன்மை சர்வரில் டிஸ்க் 91 சதவீதம் நிரம்பிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால், மாற்றங்களைக் குறித்து வைக்கும் வால் (WAL) ஃபைல்கள் மலைபோலக் குவிந்திருக்கின்றன. மாற்றங்களை இன்னொரு சர்வருக்கு நகலெடுப்பது ரெப்ளிகேஷன்; அது எதுவரை போயிருக்கிறது என்று குறிக்கும் ஸ்லாட் நள்ளிரவு 1 மணியிலிருந்து நகரவே இல்லை. தகவல் போய்ச் சேரும் சர்வரில் அந்த மாற்றங்களை எழுதும் அப்ளை வொர்க்கர் உயிரோடுதான் இருக்கிறது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. ஒரு டேபிளின் பூட்டுக்காகக் காத்துக்கொண்டு சும்மா நிற்கிறது.

எந்த டேபிள்? நான் கட்டிய மோதல் பதிவேடு. ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு வந்து முட்டும் வரிகளைக் குறித்து வைக்கும் டேபிள்.

முதலில் டிஸ்க்கைக் காப்பாற்ற வேண்டும். யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் வைத்துப் பார்த்தேன். வொர்க்கரைத் தடுப்பது 1 மணிக்குப் பதிவேட்டைக் காலி செய்ய ஓடும் என்னுடைய டிரங்கேட் கட்டளை. டிரங்கேட்டைத் தடுப்பது ஞாயிறு மாலையிலிருந்து மூடாமல் கிடக்கும் ஒரு டிரான்சாக்‌ஷன். டிரங்கேட்டை மட்டும் நிறுத்தினேன். அடுத்த நொடி வொர்க்கர் ஓட ஆரம்பித்தது. பாக்கியெல்லாம் தீர நாற்பது நிமிடம் ஆயிற்று.

நவம்பர் 4, செவ்வாய்

அந்த டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்த தம்பி காலையிலேயே வந்தான். முகம் வாடியிருந்தது. "அக்கா, நான் செலக்ட் மட்டும்தானே போட்டேன்?"

அவன் சொன்னது சரிதான். போஸ்ட்கிரெஸ்ஸில் டேபிளைப் படிக்கும் செலக்ட் எடுக்கும் பூட்டு ஆக்சஸ் ஷேர், எட்டு வகைப் பூட்டுகளில் மிக மெலிந்தது. பதிவேட்டில் ஒரு வரி எழுத வொர்க்கருக்கு வேண்டியது ரோ எக்ஸ்க்ளூசிவ். இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. ஆனால் டிரங்கேட் கேட்பது ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ். அது எல்லாவற்றோடும் மோதும், மூடாத டிரான்சாக்‌ஷன் இன்னும் பிடித்திருக்கும் செலக்ட் பூட்டோடும்கூட. அது இன்னும் பூட்டைப் பெறவில்லை, வரிசையில்தான் நிற்கிறது. இருந்தும் அதற்குப் பின்னால் வரும் வொர்க்கரின் இன்செர்ட் அதைத் தாண்டிப் போக முடியாது. பூட்டுக்குக் காத்திருக்கும் நேர எல்லையான லாக்_டைம்அவுட்டை யாரும் மாற்றாவிட்டால் அதன் மதிப்பு 0, அதாவது எல்லையே இல்லாத காத்திருப்பு.

ஆக, தவறு அவனுடையது இல்லை. அதை அவனிடம் தெளிவாகச் சொன்னேன். மோதலைக் குறித்து வைக்கத்தான் அந்தப் பதிவேடு. அதுவே ரெப்ளிகேஷனை ஆறு மணி நேரம் நிறுத்தும்படி அமைத்தது நான்.

நவம்பர் 6, வியாழன்

பதிவேடு ஏன் வந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். லாஜிக்கல் ரெப்ளிகேஷன், அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ்களை எடுத்துப் போகாது. அந்தப் பக்கத்தில் யாராவது நேரடியாக ஒரு பில்லைச் சேர்த்துவிட்டால், பிறகு இங்கிருந்து அதே எண்ணோடு இன்னொன்று போய் முட்டும். முட்டினால் வொர்க்கர் பிழையோடு நின்று, மறுபடி முயன்று, மறுபடி நிற்கும். அதனால் இன்செர்ட்டுக்கு முன் தானாக ஓடும் ஒரு டிரிகர் வைத்தேன். அந்த எண் ஏற்கெனவே இருந்தால் வந்த வரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, நல் (null) என்னும் வெற்று மதிப்பைத் திருப்பி அனுப்பி வரியைத் தவிர்க்கும். எனேபிள் ரெப்ளிகா அல்லது எனேபிள் ஆல்வேஸ் என்று கொடுக்காவிட்டால் இந்த டிரிகர் வொர்க்கருக்கு ஓடவே ஓடாது.

இன்று அதைத் திருத்தினேன். எழுதும் முன் பதிவேட்டின் பூட்டை நோவெயிட்டோடு, அதாவது காத்திருக்காமல், கேட்கிறது. கிடைக்காவிட்டால் 55பி03 பிழை வரும்; எக்செப்ஷன் பகுதி அதைப் பிடித்து, அதே விவரத்தை ரெய்ஸ் லாக் வழியாக சர்வர் பதிவில் எழுதிவிட்டு நகர்கிறது. மோதலும் தொலையவில்லை, காத்திருப்பும் இல்லை. எக்செப்ஷன் பகுதி ஒவ்வொரு முறையும் ஒரு சப்டிரான்சாக்‌ஷனைத் திறக்கும், அது கொஞ்சம் செலவுதான். மோதல் வரும்போது மட்டும் அதற்குள் நுழையும்படி எழுதியிருப்பதால் பரவாயில்லை.

தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டான். வேறு காரணத்தால் அந்த டிரான்சாக்‌ஷன் ரோல்பேக் ஆகி, செய்ததெல்லாம் ரத்தானால்? பதிவேட்டு வரியும் அதோடு போய்விடும். சர்வர் பதிவில் எழுதியது மட்டும் நிற்கும். அதனால் இனி இரண்டு இடத்திலும் எழுதுவது என்று முடிவு செய்தோம்.

நவம்பர் 11, செவ்வாய்

டிரங்கேட்டை எடுத்துவிட்டேன். பதிவேடு இப்போது நாள்வாரிப் பார்ட்டிஷன், நாளுக்கொரு துண்டு டேபிள். இங்கேயும் பூட்டைப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருக்கிறது. கிரியேட் டேபிள் பார்ட்டிஷன் ஆஃப் என்று போட்டால் தாய் டேபிளில் மறுபடி ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்தான். தனி டேபிளாக உருவாக்கி, அப்புறம் அட்டாச் செய்தால் ஷேர் அப்டேட் எக்ஸ்க்ளூசிவ் போதும், இன்செர்ட் தடைபடாது. பழையதைக் கழற்ற 14ஆம் பதிப்பில் வந்த டிடாச் கன்கரன்ட்லி. எந்தத் துண்டிலும் சேராத வரிகளை வாங்கிக்கொள்ளும் டிஃபால்ட் பார்ட்டிஷன் இருந்தால் அது ஒத்துக்கொள்ளாது, அதனால் நாளைய பார்ட்டிஷனை இன்றே உருவாக்கும் வேலையையும் சேர்த்தேன். எல்லாத் துப்புரவு வேலைகளுக்கும் லாக்_டைம்அவுட் 2 நொடி.

செப்டம்பரில் வந்த 18ஆம் பதிப்பு மோதல்களை வகை பிரித்து சர்வர் பதிவில் எழுதுகிறது, எண்ணிக்கையும் வைக்கிறது. நாங்கள் இன்னும் 16இல் இருக்கிறோம்.

மாலையில் சோதனை சர்வரில் தம்பி ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்து பதிவேட்டில் செலக்ட் போட்டு அப்படியே விட்டான். நான் பக்கத்தில் ஒரு டிரங்கேட்டை வேண்டுமென்றே வரிசையில் நிறுத்தினேன். பிறகு மோதும் பில் ஒன்றை அனுப்பினோம். ஸ்லாட் நகர்ந்தது. சர்வர் பதிவில் பில் எண் இருந்தது.