ஆறு ஊர்களை மூன்றாக வெட்டினோம்: எங்கள் முதல் ஜப்பான் பயணம்

ஊர் திரும்பி நான்கு நாள் ஆகிறது. விசா, விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த இரவுப் பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. முதலில் அதை இறக்கிவைத்துவிடுகிறேன்.

டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் இரண்டேகால் மணி நேரம். டிக்கெட் ஆளுக்குச் சுமார் 14,000 யென். நாங்கள் 100 யென்னுக்கு 60 ரூபாய் என்று கணக்கு வைத்திருந்தோம். அப்படிப் பார்த்தால் 8,400 ரூபாய். இரவுப் பஸ்ஸில் அதில் பாதிதான், 7,000 யென். ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். மதுரையிலிருந்து சென்னைக்கு எத்தனையோ முறை இரவுப் பஸ்ஸில் போனவர்கள் நாங்கள். இது என்ன பெரிய விஷயம் என்று நானும் கணவரும் ஒரே வாயாகச் சொல்லி முன்பதிவு செய்துவிட்டோம்.

படுக்க வசதி கிடையாது. வரிசைக்கு நான்கு இருக்கை. முழங்கால் முன் இருக்கையில் இடிக்கிறது. ஜன்னலோரம் கால்மாட்டில் ஓடும் ஹீட்டர் கணுக்காலைச் சுடுகிறது. பஸ் கிளம்பிய சிறிது நேரத்தில் திரைகளையெல்லாம் இழுத்து மூடி விளக்கை அணைத்துவிட்டார்கள். கைபேசி வெளிச்சம்கூட அடுத்தவருக்குத் தொந்தரவு என்பதால் அதையும் பார்க்க முடியாது. பேச்சே கூடாது. கழிவறை இல்லை. நடுநிசியில் நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடம் ஒன்றில் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். இறங்கிப் போய்விட்டு வெளியே வந்தால், ஒரே அச்சில் வார்த்ததுபோல் முப்பது நாற்பது பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் பஸ் எது? இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். என் கைபேசியும் இருக்கையில்தான் இருந்தது. எலும்பைத் துளைக்கும் குளிரில் ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். கடைசியில், கையில் ஒரு சிறு பலகையைப் பிடித்தபடி ஓட்டுநர் வெளியே நின்றுகொண்டிருந்தார். ஒரு தலை குறைகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறார். என்னைக் கண்டதும் குனிந்து வணங்கினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓய்விடத்தில் இறங்கினால் முதல் வேலையாக உங்கள் பஸ்ஸின் எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கியோட்டோவில் இறக்கிவிட்டார்கள். டிசம்பர் முதல் வாரம். இன்னும் இருட்டு. விடுதியில் அறை கொடுப்பது மாலை மூன்று மணிக்குத்தான். ஒன்பது மணி நேரம் எங்கே போவது?

அப்படித்தான் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குப் போனோம். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நாரா பாதையில் இரண்டாவது ஸ்டேஷன், ஐந்து நிமிடம், 150 யென். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே கோயில். கட்டணம் கிடையாது, நடை சாத்துவதும் கிடையாது. ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரி வாயில்கள் மலைமேல் அடுக்கடுக்காக ஏறிப்போகும் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பகலில் அங்கே படம் எடுக்க வரிசை நிற்கும். நாங்கள் போனபோது எங்களைத் தவிர, நாயோடு நடக்க வந்த ஒரு பெரியவர் மட்டுமே இருந்தார்.

வாயில்களுக்குள் நடக்க ஆரம்பித்ததும் பஸ்ஸில் பட்ட பாடு மறந்துபோனது. தூண்களின் அடிப்பாகத்தில் கறுப்பு, அதற்கு மேல் குங்குமத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே ஒரு நிறம். சில தூண்கள் புத்தம் புதியவை. சிலவற்றின் அடிமரம் உளுத்து, தொட்டால் உதிர்கிறது. ஏறும்போது தூண்கள் வெறுமையாகத் தெரிகின்றன. ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க எழுத்து. கொடுத்தவர் பெயர், கொடுத்த தேதி. நம் கோயில்களில் டியூப் லைட்டிலும் மின்விசிறியிலும் எழுதும் அதே 'உபயம்'தான்! ஏறுபவர் கண்ணுக்குப் படாமல், கும்பிட்டுவிட்டு இறங்குபவருக்கு மட்டும் தெரியும்படி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

இனாரி நெல் விளைச்சலின் தெய்வம். நரிகள் அதன் தூதர்கள். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய கல் நரிகள், ஒன்றின் வாயில் நெற்கதிர், இன்னொன்றின் வாயில் சாவி. மலை 233 மீட்டர்தான். பாதி உயரத்தில் ஊரைப் பார்த்தபடி ஒரு திறந்தவெளி வருகிறது. அங்கே நிற்கும்போது வெயில் வந்தது. கியோட்டோவின் கூரைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எட்டரை மணிக்கு இறங்கி வந்தபோது எதிரே கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, இனாரிக்கு விடியற்காலையில் போங்கள். ஆனால் முதல் நாளே புல்லட் ரயிலில் வந்து, நன்றாகத் தூங்கி எழுந்து போங்கள். மாலையில் அறைக்குள் நுழைந்ததும் மறுநாள் காலைவரை தூங்கினோம். மிச்சம் பிடித்த பணத்துக்கு கியோட்டோவில் ஒரு நாளின் பாதியைக் கொடுத்திருக்கிறோம்.

இனி திட்டத்துக்கு வருகிறேன். ஜப்பான் போவது கல்யாணமான புதிதில் பேசிக்கொண்ட ஆசை. ஒன்பது வருடம் தள்ளிப்போனது. இந்த முறை முதலில் ஒரு பயண முகவரிடம்தான் போனோம். ஏழு நாளில் டோக்கியோ, ஹகோனே, நகோயா, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா என ஆறு ஊர், பிறகு மறுபடியும் டோக்கியோ வந்து விமானம். இருவருக்கும் 4,40,000 ரூபாய். ஜே.ஆர். பாஸ், அதாவது குறிப்பிட்ட நாள்கள் ஜே.ஆர். ரயில்களில் விருப்பம்போல் போய்வரும் சீட்டு, கட்டாயம் என்றார். "பாஸ் இல்லாமல் ஜப்பானில் யாரும் பயணம் செய்ய மாட்டார்கள்" என்று அடித்துச் சொன்னார். இது பழைய கதை. ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபர்வரை 29,650 யென். அந்த மாதம் ஒரேயடியாக 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். இருவருக்கு 60,000 ரூபாய்! அதற்கு மேலும், வேகமான நொசோமி ரயிலில் ஏற வேண்டுமானால் தனிக் கட்டணம். விலை ஏறியது தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, எனக்கு இரண்டுமே ஏற்கவில்லை. வெளியே வந்துவிட்டோம்.

வீட்டில் ஒரு பெரிய காகிதத்தில் ஊர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் போக எத்தனை மணி, பெட்டி கட்டிப் பிரிக்க எத்தனை மணி என்று குறித்தோம். முகவரின் ஏழு நாளில் இரண்டு நாள் முழுக்க ரயிலிலும் விடுதி வாசலிலும் போயிருக்கும். ஹகோனேயையும் நகோயாவையும் அடித்தோம். டோக்கியோவில் நான்கு இரவு, கியோட்டோவில் மூன்று, ஒசாகாவில் இரண்டு. நாராவும் ஹிரோஷிமாவும் போய்விட்டு அன்றே திரும்பும் ஊர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு: டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து கிளம்புவது. கோலாலம்பூர் வழியாக ஆளுக்கு 52,000 ரூபாய்; டோக்கியோவுக்கே போய்த் திரும்புவதைவிட 2,000 தான் அதிகம். திரும்பி டோக்கியோ வருவதற்கான 14,000 யென் மிச்சம், அரை நாளும் மிச்சம். விமான டிக்கெட் தேடும்போது போக, வர என்று பார்க்காமல், 'பல நகரங்கள்' என்பதை அழுத்திப் பாருங்கள்.

கியோட்டோவுக்கு அப்புறமான பயணத்துக்கு 'கன்சாய்-ஹிரோஷிமா பாஸ்' வாங்கினோம். ஐந்து நாள், 17,000 யென். நாரா, ஒசாகா, ஹிரோஷிமா போகும் புல்லட் ரயில், கடைசி நாள் விமான நிலைய ரயில் எல்லாம் இதிலேயே அடக்கம். பஸ்ஸை விட்டுவிட்டு டோக்கியோ–கியோட்டோ ரயில் கட்டணத்தைக் கூட்டினாலும் 31,000 யென்தான். ஜே.ஆர். பாஸைவிட ஆளுக்கு 19,000 யென் குறைவு.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரியாதீர்கள். 'தக்யூபின்' என்ற கூரியர் வசதி இருக்கிறது. டோக்கியோ விடுதியில் கொடுத்த பெட்டி மறுநாள் கியோட்டோ விடுதிக்கு வந்துவிட்டது. ஒன்றுக்கு 2,500 யென் ஆனது. ஒரு யென்கூட வருத்தமில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டியோடு புல்லட் ரயிலில் ஏறினால், அதற்கான இருக்கையை முன்பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் 1,000 யென் கட்ட வேண்டும். விடுதி அறைகளும் மிகச் சிறியவை. எங்கள் டோக்கியோ அறையில் ஒரு பெட்டியைத் திறந்தால் இன்னொன்றைத் திறக்க இடமில்லை.

சாப்பாடு. நான் சைவம், இவர் எல்லாம் சாப்பிடுவார். ஜப்பானில் சைவத்துக்குப் பெரிய இடைஞ்சல் இறைச்சி அல்ல, 'தாஷி' என்ற சாறு. சூரை மீனைக் காயவைத்துச் சீவி அதில் இறக்குவது. நம் மாசிக்கருவாடு போன்றது. சூப், நூடுல்ஸ், கீரை, முட்டை எதிலும் அது இருக்கும். "மீன் வேண்டாம்" என்றால் மீன் துண்டை எடுத்துவிட்டுச் சாறோடு கொடுப்பார்கள், அவர்கள் மனத்தில் அது மீனே இல்லை. 'மீன் சாறும் வேண்டாம்' என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றை அச்சடித்துக் கொண்டுபோனேன். அதுதான் காப்பாற்றியது. அவசரத்துக்குக் கொன்பினி என்ற சிறு பலசரக்குக் கடைகளில் உமெபோஷி வைத்த சோற்று உருண்டை. சுமார் 150 யென். உமெபோஷி நம் நாரத்தங்காய் ஊறுகாயின் பங்காளி, அத்தனை உப்பு, அத்தனை புளிப்பு. டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே 'டீஸ் தான்தான்' என்ற முழுச் சைவ ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை இருக்கிறது. எள் மணக்கும் அந்தச் சாற்றைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

ஆனால் பயணத்தின் சாப்பாடு என்றால் கியோட்டோவில் நான்சென்ஜி கோயில் பக்கம் சாப்பிட்ட யுதோஃபுதான். ஆளுக்கு 3,500 யென் என்று பார்த்ததும் இவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு முறை என்று சொல்லி உள்ளே போனோம். மண்சட்டி, அடியில் ஒரு துண்டு கடற்பாசி, தெளிந்த வெந்நீர், அதில் வெள்ளைச் சதுரங்களாக டோஃபு, சோயாப் பாலில் செய்யும் பனீர் மாதிரி. கொதிக்க விடக் கூடாது. சட்டி ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும்போது, டோஃபு லேசாக ஆடும். அப்போது துளையிட்ட கரண்டியால் எடுக்க வேண்டும் என்று பரிமாறிய அம்மா கையால் ஆட்டிக் காட்டினார். அட்டையைப் படித்துவிட்டு, தொட்டுக்கொள்ளும் சாற்றை எடுத்துப்போய் வெறும் சோயாவும் இஞ்சியும் கொண்டுவந்தார். பக்கத்தில் யுபா, சோயாப் பால் காய்ச்சும்போது படியும் ஆடை. அது நாக்கில் கரைந்த விதத்தை என்னால் எழுத முடியவில்லை. வெளியே மேப்பிள் மரத்தில் கடைசி இலைகள்.

விசாவைப் பற்றி இரண்டே வார்த்தை: நாள்வாரியான பயணத் திட்டம், வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். திட்டத்தை முதலில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. எல்லாம் சேர்த்து இருவருக்கும் 2,57,000 ரூபாய் செலவானது. மிச்சத்தை நினைத்து இப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

முகவரின் திட்டத்தில் ஹிரோஷிமாவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தார். பிறகு மியாஜிமா தீவு. நாங்களும் காலையில் நினைவு அருங்காட்சியகம், மதியம் தீவு என்றுதான் போட்டிருந்தோம். படகும் பாஸில் அடக்கம். அருங்காட்சியகத்தில் நுழைவு 200 யென். உள்ளே ஒரு டிபன் பெட்டி இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 மணி, ஒரு பள்ளி மாணவனின் மதியச் சாப்பாடு. மூடியும் சோறும் கரியாகியிருக்கின்றன. நான் பள்ளியில் வேலை செய்பவள். தினமும் மதியம் நூறு டிபன் பெட்டிகள் திறக்கும் சத்தத்தைக் கேட்பவள். அதற்கு மேல் நடக்க முடியாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

தீவுக்குப் போகவில்லை. மொதோயாசு ஆற்றங்கரையில், எதிர்க்கரையின் இடிந்த குவிமாடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணிக்கு இருட்டியது. டிராம் பிடித்தோம். குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு பகுதியில் டிராம் ஓடத் தொடங்கிய ஊர் அது. எங்களுக்கு எதிர் இருக்கையில் ஒரு பள்ளிச் சிறுவன், பையை மடியில் கட்டிப்பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். ஸ்டேஷன் வரும்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.