கூடலூர்ப் பெண்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை

மாதாந்திர ஆய்வுக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டோம், அந்தக் காலனிப் பொம்பளைங்க செக்கப்புக்கு வர மாட்டேங்கிறாங்க." கூடலூர், பந்தலூர் பக்கம் கிராம சுகாதார செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இதை ஒரு காரணமாக என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை. வராத ஒவ்வொருத்தியிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. அன்றைய கூலி போகும், சின்னதை யார் பார்ப்பார்கள், வழியில் யானை நிற்கிறதா, அங்கே போய் எந்த பாஷையில் பேசுவது, யார் முன்னால் துணியை விலக்குவது. இந்தக் கணக்கைக் கேட்டு எழுத எங்கள் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

நீலகிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஊட்டிதான் நினைவுக்கு வரும். ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்கினால் கூடலூர். கேரளமும் கர்நாடகமும் கைக்கெட்டும் தூரம். ஒரு துணை சுகாதார நிலையத்தின் எல்லைக்குள்ளேயே பணியர், காட்டுநாயக்கர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் ஊர்கள் இருக்கும். மலையாளம் பேசும் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, அரசின் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்ட லைன் வீடுகளில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்) குடியேறியவர்கள் இருப்பார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்தவை என்று அரசு பட்டியலிட்ட ஆறு பழங்குடிச் சமூகங்களும் இந்த ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றன. ஒரு காலனியில் எடுபடும் பேச்சு அடுத்த காலனியில் எடுபடாது.

இந்தப் பகுதிப் பெண்களின் உடல்நலம் பற்றி எதைச் சொன்னாலும் சிக்கிள் செல்லில் வந்துதான் நிற்கும். அரிவாள் செல் ரத்தசோகை. பரம்பரையாக வருவது. தாய், தகப்பன் இருவரும் கேரியராக, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. சாதாரணமாகச் சிவப்பணு 120 நாள் வரை உயிரோடு இருக்கும். இவர்களுக்குப் பத்து, இருபது நாளிலேயே உடைந்துவிடும். குளிர், காய்ச்சல், பிரசவம், உடம்பில் நீர் வற்றுவது என எது வந்தாலும் அணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும். அப்போது வரும் வலியை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ரத்தம் குறைவு என்றதும் இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவது நமக்குப் பழகிய வழி. சிக்கிள் உள்ள பெண்ணுக்கு அது போதாது. அவளுக்கு ரத்தம் குறைவது பெரும்பாலும் அணுக்கள் உடைவதால். இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த மாத்திரை கொடுக்க வேண்டும். ஃபோலிக் ஆசிட் கட்டாயம் வேண்டும். இவள் சிக்கிள் நோயாளி என்பது அட்டையில் இல்லையென்றால், புதிதாக வரும் டாக்டருக்கு அவளும் மற்றவர்களைப் போல ஒரு ரத்தசோகைக் கர்ப்பிணிதான். 2023-இல் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபின் பரிசோதனை பரவலானது. நல்ல காரியம். ஆனால் பரிசோதனை முடிவு காகிதமாக வீட்டுக்கு வந்ததும் "பொண்ணுக்கு ரத்தம் கெட்டது" என்ற பேச்சும் கூடவே வருகிறது. பிள்ளைக்கு நோய் வருவது இருவரையும் பொறுத்தது என்று மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அட்டை மட்டும் கொடுத்தால், பழி பெண் தலையில்தான் விழும்.

ஒரு ஜூலை மாதம். தேவாலாப் பக்கம் மழை பிடித்தால் விடாது. பணியர் காலனி ஒன்றில் எட்டு மாதக் கர்ப்பிணி அடுப்போரமாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கை, கால் மூட்டெல்லாம் வலி. வாயுப் பிடிப்பு என்று மாமியார் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. காலையில் ஒரு கட்டன் சாயா குடித்ததோடு சரி. என்னோடு வந்தவள் அதே சமூகத்துப் பெண், காலனிகளுக்கான சுகாதாரப் பணியாளர். நோயைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, விறகை உள்ளே தள்ளிக்கொண்டே, போன பிரசவத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

ஒவ்வொன்றாக வந்தது. வீடு இருப்பது பிரிவு 17 நிலத்தில். ஜமீன் போன்ற பழைய ஜன்ம நில உரிமையை ஒழித்த 1969 சட்டத்தின் அந்தப் பிரிவில், யாருக்குச் சொந்தம் என்று இன்னும் தீராமல் கிடக்கும் இடங்கள் அவை. பட்டா கிடையாது, கரண்ட் கிடையாது. கழிப்பறையும் இல்லை. பொழுது சாய்ந்தால் பலாமரத்துக்கு யானை வரும், வெளியே இறங்க முடியாது. அதனால் மதியத்துக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். தண்ணீர் குறையக் குறைய சிக்கிள் வலி கூடும். முதல் பிரசவத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மாமியாரை வெளியே நிறுத்திவிட்டு, "உங்களுக்கெல்லாம் எதுக்கு வருஷா வருஷம் பிள்ளை" என்று யாரோ கத்தியிருக்கிறார்கள். அவளுக்கு அது முதல் குழந்தைதான். வலியை விட அந்தச் சொல்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவள் வராததற்குக் காரணம் அறியாமை என்று எந்த அறிக்கையில் எழுதினாலும் அது பொய்.

"நான் கூட வர்றேன், லேபர் வார்டு வரைக்கும் உள்ளே வர்றேன்" என்று என் சகப் பணியாளர் சொன்னபிறகுதான் அவள் தலையாட்டினாள். மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே 108-ஐ வரவழைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலி அடங்கியதும் பிரசவக் காத்திருப்பு அறையில் தங்க வைத்தோம். இரண்டு யூனிட் ரத்தம் வேண்டும் என்றார்கள். கொடுத்தவர்களில் ஒருவர் டான்டீ லைன் வீட்டுப் பையன், இன்னொருவர் கடைத்தெரு ஆட்டோ ஓட்டுநர். எங்கள் பகுதியில் சமூக ஆதரவு என்று நான் சொல்வது இதைத்தான். நிலத்துக்காக, தண்ணீருக்காக, ஓட்டுக்காக முறைத்துக்கொள்கிற ஊர்கள்தான் இவை. ஆனால் பிரசவத்துக்கு ரத்தம் என்று போன் போனால் எந்த ஊர், எந்த ஜாதி என்று கேட்காமல் வருகிறார்கள். குழந்தை நல்லபடி பிறந்தது.

கூட ஒரு ஆள் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இங்கே முன்பே புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை 1990 முதல் நடத்தும் அஸ்வினி அமைப்பு, பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி கொடுத்து வளர்த்தது. வார்டில் தன் பாஷை பேசும் ஒரு முகம் இருந்தால் நோயாளியின் தோள் இறங்குவதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். அரசு நிலையங்களிலும் இப்படி ஆட்கள் நிரந்தர வேலையில், நல்ல சம்பளத்தில் இருக்க வேண்டும். ஊக்கத்தொகையை மட்டும் நம்பி அவர்களை ஓட வைப்பது நியாயமில்லை.

வேறொரு பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012-இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தபோது சம்மத வயது 16-இலிருந்து 18 ஆனது. 18 நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால் மருத்துவமனை போலீசுக்குத் தகவல் தர வேண்டும். தராவிட்டால் அது குற்றம். குழந்தைகளைக் காக்க இந்தச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பதினேழு வயதில், பிடித்த பையனோடு போய்ச் சேர்ந்த காலனிப் பெண்ணுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவது புருஷனைக் காட்டிக் கொடுப்பது போல. மூன்றாம் மாதத்தில் வர வேண்டியவள் ஏழாம் மாதம் வரை ஒளிந்திருக்கிறாள். ஸ்கேன் இல்லை, சிக்கிள் பரிசோதனை இல்லை. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரை மருத்துவர் போலீசிடம் சொல்ல வேண்டியதில்லை என்றது. பிள்ளையைப் பெற்றுக்கொள்ள நினைக்கிறவளுக்கும் பயமில்லாமல் வர ஒரு வழி செய்ய வேண்டும். தமிழ்நாடு அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியின் 18,000 ரூபாயும் 19 வயது நிறையாவிட்டால் கிடைக்காது. சாப்பாட்டுக்கு அந்தப் பணம் யாருக்கு மிகவும் வேண்டுமோ அவளுக்குத்தான் அது இல்லை. வயது குறைந்த கல்யாணத்தைத் தடுக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம், விடுதி, ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விட்டவளின் வீடு. பிரசவ அறை அதற்கான இடமில்லை.

லைன் வீட்டுப் பெண்களின் கதையிலும் தண்ணீர்தான். கொழுந்து பறிக்கிற காட்டில் ஒதுங்க மறைவு இல்லை, ஆண் மேஸ்திரி நிற்கிறார், எடை குறைந்தால் கூலி குறையும். காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு, எரிச்சல், இடுப்பு வலி என்று வருகிறவர்களுக்கு மாத்திரை கொடுக்கிறோம். மறுமாதம் அதே ஆள் அதே கடுப்போடு வருகிறார். வேலை செய்யும் இடத்தில் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்பது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. சிறு விவசாயிகளின் தேயிலைக் காடுகள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

இப்போது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஞாயிற்றுக்கிழமை வைக்கிறோம், கூலி போகாது. பெண் டாக்டர் மட்டும். லைன் வீட்டு மகளிர் குழுவில் ஏற்கெனவே பரிசோதனை செய்துகொண்ட அக்கா ஒருவர் வாசலில் உட்கார்ந்து, உள்ளே என்ன செய்வார்கள் என்பதை வருகிறவர்களிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். கூட்டம் கூடியிருக்கிறது. பணியர் காலனிக்கு நடுவில் இரண்டு கழிப்பறையும் ஒரு சோலார் விளக்கும் கேட்டுக் கொடுத்த மனுவுக்கு, நிலம் பிரிவு 17 என்று பதில் வந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் அதே மனுவை, எட்டு மாத வயிற்றோடு அடுப்போரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணே எழுந்து நின்று வாசிக்கப்போகிறாள்.