வாடி நோட்டும் இழப்பீட்டுக் கணக்கும்

போன வாரம் தொண்டியிலிருந்து மாமா போன் செய்தார். அவரும் என்னைப் போல நண்டு வாடி, அதாவது நண்டை அவித்துச் சதை எடுத்து விற்கிற கொட்டகை, வைத்திருக்கிறவர்தான். "ஏத்தா, மறுபடியும் கொரோனா மாதிரி ஏதாவது வந்து, நம்ம வாடியில வேலை பாக்குற ஆளுக்கு ஒட்டிக்கிட்டா அது நம்ம பொறுப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அரை மணி நேரம் பேசியும் எனக்குத் திருப்தியாக இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வாடி மண்டபத்துக்கும் வேதாளைக்கும் நடுவில் இருக்கிறது. கொரோனா சமயத்தில் ஒன்பது பேர் வேலை செய்தார்கள். ஏழு பெண்கள் சதை எடுப்பார்கள், ஒருவர் நண்டு அவிப்பார், ஒரு தம்பி ஐஸ் இறக்குவான். ஒன்பது பேர் என்பதைக் கவனியுங்கள். பத்துப் பேர் இருந்தால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு வரும். இஎஸ்ஐ இருந்து சந்தாவும் ஒழுங்காகக் கட்டியிருந்தால், கொரோனாவில் இறந்தவரின் குடும்பத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதத்தை மாதாமாதம் கொடுக்க ஒரு திட்டமே இருந்தது. அதற்குக் குறைந்த எண்ணிக்கை என்றால் சட்டமே இல்லை என்று நாங்கள் பலரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அது தப்பு. கரண்ட் வைத்துப் பொருள் தயாரிக்கிற இடத்தில் வேலையால் ஒருவருக்கு விபத்து நேர்ந்தால், எத்தனை பேர் வேலை செய்தாலும் 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்தில் முதலாளிதான் பொறுப்பு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. பொறுப்பு எங்கேயும் போகவில்லை.

முதலில் 2020-ஐச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 29 அன்று மத்திய உள்துறை உத்தரவு வந்தது: ஊரடங்கில் மூடிக்கிடந்தாலும் கூலியைப் பிடிக்காமல் முழுதாகக் கொடுக்க வேண்டும். அது மே 18-ல் விலகிவிட்டது. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. எங்கள் கரையில் சிலர் வேறு கணக்குப் போட்டார்கள். ஏப்ரல் 15-லிருந்து மீன்பிடித் தடைக்காலம், எப்படியும் வேலை இருக்காது, பிறகு எதற்குக் கூலி என்றார்கள். (அந்த வருடம் 61 நாள் தடையை 47 நாளாகக் குறைத்து மே 31-லேயே முடித்தார்கள்.) இந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. தடைக்காலம் விசைப்படகுக்கு. என் வாடிக்கு வருகிற நண்டோ வல்லம் என்கிற நாட்டுப்படகில் போய் வலை போடுகிறவர்கள் கொண்டுவருவது. தடைக்காலத்திலும் ஒவ்வொரு வருடமும் என் மேசை நிறைந்துதான் இருக்கும். அப்புறம் எதைக் காரணம் காட்டிக் கூலியை நிறுத்துவது? மீன்பிடிக்கு ஏப்ரல் 10-லேயே ஊரடங்கிலிருந்து விலக்கு வந்துவிட்டது. வெளிநாட்டில் ஹோட்டல்கள் மூடி, சதை வாங்க ஆள் இல்லாமல் போனதுதான் எங்களைப் படுக்கவைத்தது. மே 18 வரை கொடுத்தேன். நகை வைத்துத்தான் கொடுத்தேன்.

ஆனால் கொடுக்க உட்கார்ந்தபோதுதான் என் நோட்டின் லட்சணம் தெரிந்தது. சதை எடுக்கிறவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. யார் எத்தனை கிலோ என்று அன்றன்றைக்கு ஒரு அட்டையில் எழுதி, சனிக்கிழமை பணம் கொடுத்ததும் அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுவேன். ஒருவருடைய மாதக் கூலி எவ்வளவு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் நீள நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, பெயர், கிலோ, கூலி, கடைசிக் கட்டத்தில் அவரவர் கையெழுத்து.

2021 மே முதல் வாரம். நண்டு அவிக்கிற அண்ணனுக்குப் பாசிட்டிவ் வந்து வீட்டில் தனியாக இருந்தார். அன்று காலை நண்டு நிறைய வந்துவிட்டது. ஐஸ் இறக்குகிற தம்பியைக் கூப்பிட்டு, "இன்னைக்கு மட்டும் அண்டாவைப் பாத்துக்கடா" என்றேன். அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். அவனுக்கு வயது 22, அதுவரை அண்டா பக்கம் போனதே கிடையாது. வழக்கமாக அவிக்கிற அண்ணன் முட்டி வரை பூட்ஸ் போட்டிருப்பார். அந்த பூட்ஸ் அவர் வீட்டில் இருந்தது. தம்பி ரப்பர் செருப்போடு நின்றான். கூடையைத் தூக்கித் திரும்பும்போது தரையில் கிடந்த நண்டுத் தண்ணீரில் வழுக்கி, கூடையின் ஓரம் அண்டாவில் இடித்தது. இடது முழங்காலுக்குக் கீழே பாதம் வரை கொதிதண்ணீர் கொட்டிவிட்டது. செருப்பைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. ஐஸ் போடப் போனவர்களைத் தடுத்து, ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டுச் சாதாரணத் தண்ணீரை விடாமல் ஊற்றச் சொன்னது சதை எடுக்கிற அக்காக்களில் ஒருவர்.

இதில் வாதமே இல்லை. வேலை நேரத்தில், வேலையால் வந்த விபத்து. தொற்றுக் காலம், ஆள் பற்றாக்குறை, இதெல்லாம் எனக்குத்தான் சாக்கு, சட்டத்துக்கு இல்லை. தம்பி 41 நாள் வேலைக்கு வர முடியவில்லை. 28 நாளோ அதற்கு மேலோ படுத்தால், அடிபட்ட நாளிலிருந்தே கணக்கு. 15 நாளுக்கு ஒரு தடவை மாதக் கூலியில் கால் பங்கு. ஒரு நாளைக்கு 400 ரூபாய், 26 நாள் என்றால் 10,400. கால் பங்கு 2,600. ஆஸ்பத்திரிச் செலவு தனி, அதை இந்தத் தொகையில் கழிக்கக் கூடாது. சட்டம் சொன்னதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் அம்மா வாங்கிக்கொண்டு, "பாதிக் கூலியில வீடு எப்படிம்மா ஓடும்?" என்று மெதுவாகக் கேட்டார். மீதிப் பாதியையும் அடுத்த நாள் கொடுத்தேன். அந்தத் தொகை குறைந்த பட்சம்தான், அதற்கு மேல் கொடுக்காதே என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அடுத்தது மாமா கேட்ட கேள்வி. அதே மாதக் கடைசி. சதை எடுக்கிற அக்கா ஒருவர் காய்ச்சலில் படுத்தார். ஒரே மேசையில் உட்கார்ந்த இன்னும் இரண்டு பேருக்கும் அந்த வாரமே பாசிட்டிவ். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அக்கா எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். முதுகுச் சதையை உடையாமல் முழுசாக எடுப்பதில் அவர் கைக்கு எங்கள் கரையில் ஈடு கிடையாது. பத்து வருடம் என் வாடியில் இருந்தவர்.

தெரிந்த வியாபாரி ஒருவர் யோசனை சொன்னார்: வீட்டுக்காரர் கையில் ஒரு லட்சம் கொடுத்து, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடு. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் கேட்டேன். அந்தக் கையெழுத்து செல்லாது என்றார். இழப்பீட்டு உரிமையை எழுதி வாங்கவே முடியாது. அதோடு, இறப்புக்கான இழப்பீட்டை வீட்டில் நேரே கொடுத்தால் கொடுத்ததாகவே ஆகாது, தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். மூன்று மாதக் கூலி வரை முன்பணமாகக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

சரி, இந்த நோய் வேலையால் வந்ததா? தொழில்நோய்ப் பட்டியலில் தொற்றுநோய் இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரி, பரிசோதனைக் கூடம், கால்நடை வேலை, தொற்றும் ஆபத்து தனியாக உள்ள வேறு வேலைகள் என்றுதான் அதில் சொல்லியிருக்கிறது. நண்டு வாடி தானாக அதில் அடங்காது. கடைத்தெருவிலும் தொற்றியிருக்கலாம், வீட்டிலும் தொற்றியிருக்கலாம். ஆனால் ஒரே மேசையில் மூன்று பேர் என்றால், குடும்பம் மனுப் போட்டால் ஆணையர் கேட்கத்தான் செய்வார். எவ்வளவு இடைவெளி விட்டு உட்காரவைத்தாய், காய்ச்சலோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினாயா, அனுப்பிய நாளுக்குக் கூலி கொடுத்தாயா? கடைசிக் கேள்விதான் என்னைக் குடைகிறது. நான் கொடுக்கவில்லை. கூலி போய்விடுமே என்று இருமலை மறைத்து வந்து உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள்.

தொகை எவ்வளவு வரும் என்று வக்கீல் போட்டுக் காட்டினார். மாதக் கூலி 9,000 ரூபாய். அதில் பாதியை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும். 45 வயதுக்கு 169.44, ஆக 7,62,480 ரூபாய். 40 வயது என்றால் எண் 184.17, தொகை 8,28,765. என் நோட்டில் அக்காவின் வயதே இல்லை. நாற்பத்துச் சொச்சம் என்றுதான் எனக்குத் தெரியும். இந்த ஒரு கட்டத்தை எழுதாமல் விட்டதில் ஒரு குடும்பத்துக்கு 66,000 ரூபாய்க்கு மேல் ஏறும், இறங்கும்.

மூன்று மாதக் கூலி 27,000 ரூபாயை முன்பணம் என்று எழுதிக் கொடுத்தேன். நோட்டின் நகலையும் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "அண்ணே, இரண்டு வருசத்துக்குள்ள மனுப் போடலாம், போட்டா நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றேன். அவர் போடவில்லை. அரசு கொடுத்த 50,000 ரூபாய்க்கு மட்டும் விண்ணப்பித்தார், கிடைத்தது. மனுப் போட்டிருந்தால் அவ்வளவு பணத்தை எங்கே புரட்டியிருப்பேன் என்று தெரியாது. நோட்டை மறைத்திருக்க மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

இப்போது இன்சூரன்ஸில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்திருக்கிறேன். காய்ச்சல் என்று சொல்லித் திரும்பிப் போகிறவருக்கு அன்றைய சராசரிக் கூலி உண்டு. பூட்ஸ் ஆறு ஜோடி இருக்கிறது. நோட்டில் வயதுக் கட்டமும் வந்துவிட்டது, ஆதார் பார்த்து எழுதியது.

மாமாவிடம் சொல்ல மறந்தது ஒன்று. என் தொழிலின் வேலையை ஒப்பந்தக்காரர் ஆள் வைத்துச் செய்தாலும், அடிபட்டால் முதலில் என்னைக் கேட்கலாம். லாரியோடு வந்து ஐஸ் இறக்குகிற இரண்டு பேரின் பெயர் இன்னும் என் நோட்டில் இல்லை. வியாழக்கிழமை லோடு வருகிறது. அன்றைக்குக் கேட்டு எழுத வேண்டும்.