தூணைத் தட்டிக் கேட்கும் வேலை

காலை ஐந்தரைக்கு லாரியில் ஏறியதும் எங்கள் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இன்னிக்குத் தண்ணி எப்ப வத்தும்?" சிங்கப்பூரில் கடல் தினமும் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 3 மீட்டர். கழிமுகத்துப் பாலங்களின் கால்களைப் பழுதுபார்க்கும் எங்களுக்குக் கிடைப்பது, தண்ணீர் இறங்கியிருக்கும் மூன்று நான்கு மணி நேரம்தான்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சூப்பர்வைசராக வந்த புதிதில், எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பகுதிதான் முதலில் கெடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அங்கே ஆக்சிஜன் குறைவு, துரு மெதுவாகத்தான் பிடிக்கும். ஈரமும் காற்றும் மாறி மாறிப் படுகிற இடத்தில், அலை தெறிக்கும் உயரத்தில்தான் கம்பி சாகிறது. உப்பு கான்கிரீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கம்பியைத் தொடும். துருவாக மாறிய இரும்புக்கு முன்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் வேண்டும். சுற்றியிருக்கும் கான்கிரீட் தாங்காமல் உள்ளுக்குள் பிளந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பட்டுக்கோட்டைக்காரர். ஹேக்கிங், அதாவது கெட்ட கான்கிரீட்டை வெட்டி எடுக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தவர். சின்னச் சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தூணைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இடம் 'ணங்' என்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடம் 'தொப்' என்று கேட்கும், பழுத்த பலாவைத் தட்டினால் வருமே, அந்தச் சத்தம். கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கக் கருவி இருக்கிறது, உப்பின் அளவை ஆய்வகம் சொல்லிவிடும். ஆனாலும் எங்கே வெட்டுவது என்று சாக்பீஸால் கோடு போடுவது இன்றைக்கும் சுத்தியலைக் கேட்டுத்தான்.

அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு சிறிய பாலத்தில் நான் தப்புச் செய்தேன். நாள் போதவில்லை. உதிர்ந்த இடத்தை மட்டும் வெட்டி, கம்பியின் முன்பக்கத் துருவைத் தேய்த்து, புதுக் கலவை பூசி மூடினோம். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் வருடம் அந்த ஒட்டைச் சுற்றி மாலை போட்டதுபோல் விரிசல். துருப்பிடித்த பகுதி தான் கரைந்து பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நாங்கள் சரிசெய்ததும், ஏற்கெனவே உப்பேறியிருந்த பக்கத்து இடத்தில் துரு தொடங்கிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தலைக்கு மேலே பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.

அதிலிருந்து வெட்டும் விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு, 2 அல்லது 2.5 சென்டிமீட்டர், கான்கிரீட் போயாக வேண்டும். கம்பி சுற்றிலும் வெளுக்கும்வரை தேய்க்க வேண்டும். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி. அப்புறம், ஓரங்களில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுகிறோம். இரும்புக்குப் பதிலாக அது கரையும். "நல்லாத்தானே இருக்கு, இதை ஏண்ணே உடைக்கிறோம்?" என்று புதுத் தம்பிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உட்காரவைத்து அந்தப் பாலத்தின் போட்டோவைக் காட்டுவேன்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் ஆற்றின் மேலிருக்கும் கேவனா பாலத்துக்குப் போவேன். 1869-ல் கட்டி முடித்தது. இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது, உழைப்பு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளுடையது. 2019-ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். அந்தக் கைதிகளின் பெயர் யாருக்கும் தெரியாது என்பது ஒவ்வொரு தடவையும் எனக்கு உறுத்தும். 2008-ல் மரீனா அணைக்கட்டு வந்த பிறகு அந்த ஆற்றில் கடல் ஏறுவதில்லை. நாங்கள் பார்க்கும் பாலங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

போன மாதம், நான் தப்புச் செய்த அந்தச் சிறிய பாலத்துக்குக் கீழே மறுபடி போனேன். இரண்டாம் முறை வெட்டிக் கட்டிய தூணைச் சுற்றித் தட்டினேன். எல்லாப் பக்கமும் 'ணங்'. அடுத்த தூணில், சிப்பி ஒட்டியிருக்கும் கோட்டுக்கு ஒரு முழம் மேலே, சத்தம் மாறியது. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு மேலே வந்தேன்.