'ரன்' என்றால் ஓடு மட்டுமா? சினானிம் கேள்விகளுக்கு நான் படித்த விதம்

வங்கித் தேர்வுக்கோ, மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்கோ படிக்கிற தம்பி தங்கைகள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, ஆங்கிலத்துக்கு எத்தனை சொல் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதைத்தான். கையில் ஒரு பட்டியலும் இருக்கும். இடப்பக்கம் வாயில் நுழையாத ஒரு சொல், வலப்பக்கம் நாலு சினானிம், அதாவது அதே பொருள் தரும் வேறு சொற்கள். பட்டியல் படிப்பது தப்பில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பிலிருந்தே நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் 'ரன்', 'செட்', 'ஃபேர்', 'இஷ்யூ' போன்ற சொற்களை யாரும் அதில் எழுதி வைப்பதில்லை. மார்க் கைநழுவுவது பெரும்பாலும் இவற்றில்தான்.

'ரன்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்'டுக்கு இருந்தது. பிறகு நடந்த திருத்தத்தில் 'ரன்' அதைத் தாண்டிவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள். அத்தனையும் நமக்குத் தேவையில்லை. ஒரு இருபது பொருள் கைவசம் இருந்தால் தேர்வுக்குத் தாராளம்.

கேள்வி எப்படி வருகிறது என்று பாருங்கள். பத்தியில் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டு, 'பத்தியில் வந்துள்ள பொருளில்' இதற்கு நெருக்கமான சொல் எது என்று கேட்பார்கள். அந்த மூன்று வார்த்தைதான் கேள்வியின் உயிர். "அந்தக் குத்தகை மூன்றாண்டுக்கு ரன் ஆகும்" என்ற வகையில் ஒரு வாக்கியம். விடைகளில் 'ஃப்ளோ', 'மேனேஜ்', 'ஸ்பிரின்ட்', 'லாஸ்ட்' நான்கும் இருக்கும். நான்குமே 'ரன்'னுக்குச் சினானிம்தான். ஆனால் குத்தகைக்குப் பொருந்துவது 'லாஸ்ட்' மட்டுமே. பட்டியலை மட்டும் நம்பியவர் இங்கே தடுமாறுவார்.

எனக்குப் பெரிதும் கைகொடுத்தது நம் தமிழ் இலக்கணம். 'ஓடு', 'ஓட்டு' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். வண்டி ஓடுகிறது, டிரைவர் வண்டியை ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ரன்'தான். அதனால் வாக்கியத்தைப் படித்ததும் நான் முதலில் தேடுவது செயப்படுபொருளை. 'எதை' என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் பெரும்பாலும் 'மேனேஜ்', 'ஆப்பரேட்', 'கண்டக்ட்' பக்கம் போக வேண்டும்: கம்பெனியை, ஓட்டலை, முகாமை ரன் பண்ணுவது. பதில் இல்லாவிட்டால் யார், அல்லது எது ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆறு என்றால் 'ஃப்ளோ'. பஸ் என்றால் 'ஆப்பரேட்'. கடற்கரையை ஒட்டிப் போகும் சாலை என்றால் 'எக்ஸ்டெண்ட்'. தேர்தலில் நிற்பவர் என்றால் 'கன்டெஸ்ட்'. துவைத்த சேலையின் கலர் 'ரன்' ஆனால், நம் வீட்டில் சொல்வதுபோல் சாயம் போகிறது.

படம் ஓடுகிறது, கடை ஓடுகிறது என்றெல்லாம் தமிழிலும் சொல்கிறோம் என்பதால் 'ரன்'னில் பாதி நமக்குத் தானாக வந்துவிடும். தமிழ் 'ஓடு' கூட வராத இடங்களில்தான் உழைக்க வேண்டும். கிணறு 'ரன் டிரை' என்றால் வற்றிப்போகிறது. சப்ளை 'ரன் ஷார்ட்' என்றால் பற்றாக்குறை. இங்கெல்லாம் 'ரன்'னுக்கு 'ஆகிவிடு' என்றுதான் பொருள், பக்கத்துச் சினானிம் 'பிகம்'. 'த்ரீ இயர்ஸ் ரன்னிங்' என்று வந்தால் தொடர்ந்து மூன்று வருடம். விடை 'கன்செக்யூட்டிவ்'வை ஒட்டி இருக்கும்.

சினானிமைக் கண்டுபிடித்ததும் அதை வாக்கியத்தில் பொருத்தி, வாய்க்குள் ஒருமுறை படித்துப் பாருங்கள். 'ரன் எ ஃபீவர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது. 'ரன்'னை எடுத்துவிட்டு 'மேனேஜ்' போட்டால், காய்ச்சலைச் சமாளிப்பது, அதற்கு வைத்தியம் பார்ப்பது என்று ஆகிவிடும். இலக்கணம் சரியாகவே இருக்கும், பொருள் தலைகீழ். 'ரன்' இருந்த இடத்தில் நோயாளி, 'மேனேஜ்' வந்த இடத்தில் டாக்டர். சினானிம் சொல்லுக்குச் சொந்தமல்ல, வாக்கியத்துக்குச் சொந்தம் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்கவில்லை.

பெயர்ச்சொல்லாக வரும்போது கிரிக்கெட் ரன்னைத் தாண்டி யோசிக்க மாட்டேன் என்கிறோம். வங்கித் தேர்வு எழுதுகிறவர் 'பேங்க் ரன்'னைத் தெரிந்தே தீர வேண்டும். வங்கி மீது நம்பிக்கை போய், டெபாசிட் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் பாய்வதுதான் அது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். மறுநாள் வங்கியை மூடிவிட்டார்கள். இந்த மாதிரி ஒரு நிஜச் சம்பவத்தோடு சேர்த்துப் படித்த பொருள் மறக்கவே மறக்காது. இன்டர்வியூவில் கேட்டாலும் பேச விஷயம் இருக்கும்.

'ரன் இன்ட்டு', 'ரன் அப்', 'ரன் டவுன்' வகையறாக்களைத் தனியே படியுங்கள். 'ரன் இன்ட்டு' ஒன்றே தற்செயலாகச் சந்திப்பது, மோதுவது, நஷ்டம் கோடிக்கணக்கில் போவது என்று மூன்று விதமாக வரும். கடனோடு 'ரன் அப்' வந்தால் கடனை ஏற்றிக்கொண்டே போவது.

நோட்டு எழுதும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். சொல்லுக்கு எதிரே சொல் வேண்டாம். சொல்லையும் அதன் பக்கத்துச் சொல்லையும் ஜோடியாக எழுதி, எதிரே சினானிமும் தமிழும் போடுங்கள். மாணவர்களுக்கான ஆங்கில–ஆங்கில அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் உதாரண வாக்கியம் கொடுத்திருப்பார்கள். அதைத்தான் எழுத வேண்டும். பயிற்சித் தாளில் தவறவிட்ட வாக்கியங்களும் அதே பக்கத்தில் சேரட்டும்.

வங்கி அதிகாரி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம் 30 கேள்வி, 20 நிமிடம், தப்புக்குக் கால் பங்கு மார்க் போகும். பட்டதாரிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலம் 25 கேள்வி, ஒவ்வொரு தப்புக்கும் அரை மார்க். அதனால் தெரிந்த சொல்தானே என்று சட்டென்று குறிக்காமல், தடித்த சொல் உள்ள வாக்கியத்தையும் அதற்கு முந்தின வாக்கியத்தையும் படித்துவிட்டுக் குறியுங்கள். இதற்காகும் சில வினாடி வீண் போகாது.

'ரன்' முடிந்தால் அடுத்து 'இஷ்யூ'வை எடுங்கள். செக் புக் தருவது, பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினை, பத்திரிகையின் இதழ், கம்பெனியின் பங்கு வெளியீடு எல்லாம் அதில் அடக்கம். பழைய சொத்துப் பத்திரங்களில் ஒருவர் 'இஷ்யூ' இல்லாமல் இறந்தார் என்று இருக்கும். அங்கே அது பிள்ளைகளைக் குறிக்கும். ஐந்துக்கும் ஒவ்வொரு வாக்கியம் நீங்களே எழுதிப் பாருங்கள்.