நடுப் புத்தகங்கள்: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 2

டோல்கீனின் 'தி டூ டவர்ஸ்'. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முத்தொகுதியில் இரண்டாவது என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவர் எழுதியது ஆறு பாகங்கள் கொண்ட ஒரே நாவல். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் காகித விலை ஏறிக் கிடந்ததால் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகம் அதை மூன்றாகப் பிரித்து, 1954 ஜூலையிலிருந்து 1955 அக்டோபர் வரை வெளியிட்டது. 1954 நவம்பரில் வந்த இந்த நடுத்துண்டுக்குச் சொந்தமாக ஒரு தொடக்கம் இல்லை. நாயகன் ஃப்ரோடோ சுமக்கும் மாய மோதிரத்தை அவன் தோழன் போரோமிர் பறிக்கப் பார்ப்பது முதல் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில். போரோமிர் சாவது இதன் முதல் அத்தியாயத்தில். இடையில் வருடக்கணக்கில் இடைவெளி விட்டவர்கள்கூட முதல் தொகுதி முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டாம். அந்தக் கடைசி அத்தியாயம் ஒன்று போதும்.

பலரும் கைவிடும் இடம் சரியாக நடுவில் இருக்கிறது. இந்தத் தொகுதியில் இருப்பவை மூன்றாம், நான்காம் பாகங்கள். மூன்றாம் பாகத்தின் 11 அத்தியாயங்களிலும் ஃப்ரோடோ தலைகாட்டுவதில்லை. நான்காம் பாகத்தில் அவனிடம் திரும்பும்போது காலமும் பின்னால் போகிறது. புத்தகம் அதை உரக்கச் சொல்வதில்லை என்பதால், போர் முடிந்த பிறகு நடப்பதாக நினைத்துப் படித்துக் குழம்புகிறார்கள்.

ஜூன் 4

அந்தக் குழப்பத்துக்கு மருந்து மூன்றாம் தொகுதியின் பின்னாலுள்ள இரண்டாவது பிற்சேர்க்கை. நாள்வாரியான பட்டியல் அது. மூன்றாம் பாகத்தில் ஃப்ரோடோவின் நண்பர்கள் மெரியும் பிப்பினும் மர மனிதன் ட்ரீபியர்டைச் சந்திக்கும் பிப்ரவரி 29 அன்றுதான் நான்காம் பாகத்தில் ஃப்ரோடோவும் அவன் துணைவன் சாமும் மலையிறங்கி, மோதிரத்தை முன்பு வைத்திருந்த கோல்லமைப் பிடிக்கிறார்கள். மந்திரவாதி சாருமானுடன் பேச்சு நடக்கும் மார்ச் 5 அன்று ஃப்ரோடோ எதிரியின் நாடான மோர்டோரின் கறுப்பு வாசல் எதிரே ஒளிந்திருக்கிறான். இந்த இரண்டு தேதிகளைக் குறித்துக்கொண்டால் இரண்டு பாதிகளும் பொருந்திவிடும். மார்ச் 5க்குக் கீழே ஒரு தாளை வைத்து மறைத்துவிடுங்கள். அடுத்த தொகுதியின் கதை முழுவதும் அங்கே கொட்டிக் கிடக்கிறது.

இரு பாகங்களின் அத்தியாயங்களையும் தேதிப்படி மாற்றி மாற்றிப் படிக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. மூன்றாம் பாகத்தில் வருபவர்களுக்கு ஃப்ரோடோ உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது. அவர்களோடு சேர்ந்து வாசகருக்கும் தெரியாமல் இருப்பதில்தான் மூன்றாம் பாகத்தின் பதற்றமே இருக்கிறது.

ஜூன் 15

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன் மெசையா', 1969. முதல் நாவலான 'டியூன்' 1965. கதைக்குள் 12 ஆண்டுகள் ஓடிவிட்டன. முதல் நாவலின் பாதி அளவுகூட இல்லாத இந்தப் புத்தகத்தில் போர்க்களமே இல்லை. முதல் நாவலின் நாயகனும் இப்போது பேரரசனுமான பாலின் பெயரால் நடந்த புனிதப் போர் முடிந்து, குறைத்துக் கணக்கிட்டாலே 6,100 கோடிப் பேர் இறந்தார்கள் என்று அவனே சொல்கிறான். இன்னொரு வெற்றிக் கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். முதல் நாவலைத் தன் இதழில் தொடராகப் போட்ட ஜான் கேம்ப்பெல் இதை மறுத்துவிட்டார். 'கேலக்ஸி' இதழ் வெளியிட்டது.

தொடக்கத்திலேயே நால்வர் உட்கார்ந்து சதி பேசுகிறார்கள். ஒவ்வொருவரும் ஓர் அமைப்பின் ஆள், ஒவ்வொருவருக்கும் ஒரு மறைமுக நோக்கம். அங்கே தடுக்கினால் புத்தகம் முழுக்கத் தடுக்கும். முதல் நாவலின் சம்பவச் சுருக்கம் இதற்கு உதவாது. திரும்பப் படிக்க வேண்டியவை மூன்று: பாலுக்கு நெருக்கமான வீரன் டங்கன் ஐடஹோ சாகும் இடம், விண்வெளிப் பயணத்துக்கு கில்டு (விண்கல ஓட்டிகளின் சங்கம்) ஏன் மசாலா என்ற போதைப்பொருளை நம்பியிருக்கிறது என்பது விளக்கப்படும் பகுதிகள், இளவரசி இருலானுடன் பாலின் திருமணம் முடிவாகும் கடைசி அத்தியாயம். டங்கனின் முகத்தோடு ஒருவன் வந்து நிற்கும்போது பால் ஏன் அசைந்துபோகிறான் என்பது முதலாவதைப் படித்திருந்தால்தான் உறைக்கும்.

ஜூன் 28

ஜார்ஜ் மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் நான்காவது நாவலும் ஐந்தாவது நாவலும். முதலில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் கிடைக்கும் பிரிட்டிஷ் பேப்பர்பேக்கில் மூன்றாவது நாவலும் ஐந்தாவது நாவலும் இரண்டிரண்டு தொகுதிகள். ஐந்து நாவல், ஏழு புத்தகம். முதுகில் உள்ள எண்ணோடு 'பகுதி 1', 'பகுதி 2' என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

நான்காவது (2005) பெருத்துப்போனதால் மார்ட்டின் அதைக் காலப்படி வெட்டாமல் இடப்படி வெட்டினார். முக்கியப் பாத்திரங்களான ஜான், டெனேரிஸ், டிரியன் மூவரின் அத்தியாயங்களும் 2011இல் வந்த ஐந்தாவதுக்குப் போயின. அதன் முதல் பாதி நான்காவதுக்கு இணையாக ஓடி, பிறகு முந்துகிறது. நான்காவதில் தெரிந்த முகங்கள் ஐந்தாவதின் பின்பகுதியில் மறுபடி வரும்.

நான்காவதின் இன்னொரு தொல்லை அத்தியாயத் தலைப்புகள். பெயருக்குப் பதில் பட்டம். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்: தீர்க்கதரிசி, மூழ்கியவன் இருவரும் ஏரன், இரும்புத் தளபதியும் கடற்கொள்ளையனும் விக்டேரியன், ராணியை உருவாக்குபவளும் கோபுரத்து இளவரசியும் ஏரியான், அலேன் என்பவள் சான்சா.

ஜூலை 3

மார்ட்டினின் நான்காவது, ஐந்தாவது இரண்டையும் கலந்து காலவரிசையில் படிக்க வாசகர்கள் தயாரித்த பட்டியல்கள் உண்டு. ஜான் தன் நண்பன் சாமைத் (டோல்கீனின் சாம் அல்ல) தெற்கே அனுப்பும் காட்சி இரண்டு புத்தகங்களிலும் இருக்கிறது: ஒன்றில் சாமின் கண் வழியே, இன்னொன்றில் ஜானின் கண் வழியே. கலந்து படித்தால் இரண்டும் பக்கத்தில் வந்து அமரும். ஜான் என்ன மறைத்தான் என்பது அப்போது பளிச்சென்று தெரியும்.

இது மறுவாசிப்புக்கான முறை. முதல் தடவையிலேயே இப்படிப் படித்தால் ராணி செர்ஸி தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொள்ளும் கதை, நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே சிதறி வேகமிழந்துவிடும். மின்நூல் என்றால் இரண்டு கோப்பையும் திறந்து வைத்து மாறுவது சுலபம். அச்சுப் புத்தகத்தில் மூன்று தொகுதிகளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்.

ஜூலை 9

ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' வரிசை, பத்தாவது தொகுதி (2003). ஒன்பதாவதின் உச்சக்கட்டமான மாபெரும் மந்திரம் நடந்த அதே நாளில் மற்றவர்கள் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதே இதன் முன்பகுதி. இரண்டு வருடங்களுக்கு மேல் காத்திருந்து வாங்கியவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. 2013இல் 14 தொகுதிகளும் முடிந்துவிட்ட பிறகு படிப்பவர்களுக்கு அது ஒரு வாரத் தொய்வு. ஒன்பதாவதை முடித்த கையோடு பத்தாவதைத் தொடங்குங்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் தூரத்தில் எங்கோ நடக்கும் அந்த மாபெரும் மந்திரத்தை யார் உணர்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். பெரின் என்ற பாத்திரத்தின் அத்தியாயங்களை வேகமாகத் தள்ளலாம். எக்வேன் என்பவளின் கடைசி அத்தியாயத்தைத் தள்ளாதீர்கள். பதினொன்றாவது அங்கிருந்துதான் கிளம்புகிறது.